‘சப்போர்ட் இல்லை’ என்பது ஒரு முடிவு

போன மாதம் கூட்டாளி ஒருத்தனின் பழைய லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு டவுனில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரத் தம்பி அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "அண்ணன், இதில டிபிஎம் 2.0 இல்ல. விண்டோஸ் 11 ஏறாது. புதுசு ஒண்டு எடுங்க." திரை நல்லம், கீபோர்ட் நல்லம், பற்றரி இரண்டு மணித்தியாலம் நிக்குது. ஒரு சிப் இல்லை. அதுதான் குற்றம்.

ஒரு வசதி இல்லையென்றால் முழு மெஷினையும் கைவிடத்தான் வேணுமா? கலைப்பீடத்துக்காரனுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்காதீங்க, வாசிச்சுப் பார்த்தேன். பதில் உலகத்தின் ஆக விலை கூடின மெஷின்களில் கிடக்கு.

ஐபிஎம் மெயின்பிரேம்களில் ஓடுவதற்கான லினக்ஸ் 1999 டிசம்பரில் வெளிவந்தது. அந்த மெஷின்களில் தகவலை மறைகுறியாக்குவதற்கென்றே தனி அட்டைகள் உண்டு. வேலை முடிந்ததும் அட்டை பிராசசரைத் தட்டிக் கூப்பிடும். அதுதான் இன்டரப்ட். ஆனால் இந்த அட்டைகளுக்கு இன்டரப்ட் என்பது எல்லா இடத்திலும் இருக்கிற வசதி இல்லை. இல்லாத இடத்தில் லினக்ஸ் கேர்னல் என்ன செய்யுது? மட்டக்களப்பு வாவியில் வலை போட்டவர் செய்கிறதைத்தான். மீன் பட்டால் வலை மணியடிக்காது, நாமதான் போய்ப் பார்க்கவேணும். கேர்னலும் ஒரு டைமரை வைத்து, வேலை பாக்கி இருக்கிற வரைக்கும், வழக்கமாக 250 மைக்ரோசெக்கனுக்கு ஒருக்கால் அட்டையை எட்டிப் பார்க்குது. பிராசசருக்கு வீண் அலைச்சல்தான், ஆனால் வேலை நடக்குது.

பிசிஐ அட்டைகளிலும் இதே கதை. இன்டரப்டைக் குறிப்பிட்ட ஒரு பிராசசருக்கே அனுப்புகிற வசதி இருந்தால் கேர்னல் அதைப் பாவிக்கும். இல்லாவிட்டால் ஏதோ ஒரு பிராசசர் அதை எடுத்து, யார் கூப்பிட்டது என்று அட்டவணையில் தேடும். புது மெஷினிலும் பழைய வழியிலேயே போ என்று சொல்ல ஒரு தெரிவுகூட வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு கவனம் ஏன்? அந்த மெஷின்களின் சொந்தக்காரர்கள் வங்கிகள். நம்மட லப்டொப்பின் சொந்தக்காரன் மகாபொல காசில் சீவிக்கிறவன். கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

டிபிஎம் பாதுகாப்புக்காக என்பார்கள். சரி, அது இல்லாத மெஷினில் அந்தப் பாதுகாப்பை மட்டும் நிப்பாட்டு. விண்டோஸ் 10 அப்படித்தானே ஓடினது? அதற்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிஞ்சுது. விண்டோஸ் 11 வந்தது 2021இல். 2017இல் விற்ற இன்டெல் ஏழாம் தலைமுறை பிராசசர்களே, ஒரு சிலதைத் தவிர, பட்டியலில் இல்லை. அந்த ஒரு சிலதில் ஒன்று மைக்ரோசொப்ட் தானே விற்ற சேர்பேஸ் ஸ்டூடியோ 2இல் இருந்தது. மச்சான், இதுக்குப் பேர் தொழில்நுட்பமா?

லினக்ஸ்காரரும் பழசைக் கழிக்கிறவங்கதான், மறைக்கத் தேவையில்லை. 386க்கான ஆதரவை 2012இல் எடுத்தார்கள், பழைய 31-பிட் மெயின்பிரேமுக்கானதை 2015இல். ஆனால் 386 வந்தது 1985இல். 27 வருசம் எங்க, நாலு வருசம் எங்க?

"புதுசு எடுங்க" என்று லேசாகச் சொல்லலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மறுகா அது பழைய விலைக்கு இறங்கவே இல்லை. இங்க எத்தனை வீட்டில் புது லப்டொப் என்றால் அடகுக்கடை என்று அர்த்தம்.

நம்மிலயும் பிழை இருக்கு. கடைக்காரன் "ஏறாது" என்றால் "வேற என்ன ஏறும்?" என்று கேட்கிறதில்லை. நானும் அண்டைக்குக் கேட்கவில்லை, வீட்ட வந்துதான் தேடினேன். கூட்டாளியின் லப்டொப்பில் இப்ப லினக்ஸ் மின்ட். தமிழ் யூனிகோட் வேலை செய்யுது, அவன்ட ஆய்வுக்கட்டுரை அதிலதான் வளருது. பிரிண்டர் மட்டும் இன்னும் மல்லுக்கு நிக்குது. ஞாயிற்றுக்கிழமை அதோட இருக்கப் போறம்.