செழித்த பாசியில் சத்து எவ்வளவு?

ஜெராம் கரையில் நீர் வற்றினால் சேறும் சிப்பியும்தான் தெரியும். இதே கடலோரத்தில், தெற்கே மோரிப்பின் அலையாத்திச் சேற்றில், கிராசிலேரியா என்ற சிவப்புப் பாசி வளர்கிறது. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்திருக்கிறார்கள். திறந்த இல்ல உபசரிப்புகளில் நாம் சாப்பிடும் அகர்-அகர் பெரும்பாலும் இந்த இனப் பாசிகளிலிருந்தே வருகிறது.

மழைக்காலத்தில் ஆறுகள் கடலுக்கு நைட்ரஜனைக் கொண்டுவருகின்றன. பாசி அதை உறிஞ்சிப் புரதமும் சிவப்பு நிறமியும் சேர்க்கிறது, நிறம் கருஞ்சிவப்பாகிறது. நைட்ரஜன் குறைந்து வெயில் கூடினால், ஒளிச்சேர்க்கையில் கிடைக்கும் கார்பன் அகராகச் சேர்கிறது, நிறம் வெளிறுகிறது. ஆக, பார்க்கச் செழிப்பான பாசியில் அகர் குறைவாக இருக்கலாம். நான் நேர்மாறாகத்தான் நினைத்திருந்தேன்.

இது பிழைப்பைத் தொடும் வேதியியல். சபாவின் செம்பூர்ணாவில் கப்பாஃபைகஸ் பாசி வளர்ப்போர் காய்ந்த எடைக்கே காசு வாங்குகிறார்கள். ஆலைக்கு வேண்டியதோ அதிலுள்ள காரகீனன். ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்ப்பது அதைத்தான். சுமார் 45 நாள் வளரவேண்டிய பயிரைப் பணமுடையில் முன்பே அறுத்தால் தரம் விழும். கடல் சூடேறினால் 'ஐஸ்-ஐஸ்' நோயில் தண்டு வெளுத்து ஒடியும். எடையை மட்டும் பார்த்து விலை வைத்தால், பருவத்தின் நஷ்டம் யார் தலையில் விழும்?

தமிழ்நாட்டின் ராமநாதபுரம் மாவட்டத்தில் 2023இல் சுமார் 127 கோடி ரூபாய்ப் பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வளர்ப்பு பெரும்பாலும் நின்றுவிடும்.

அறிவியல் விழாவுக்குப் பாசியை எடுக்கும் மாணவர்களே, ஒருநாள் அள்ளிய மாதிரி போதாது. மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று எடுங்கள். தேதியையும் குறித்து வையுங்கள்.