கவனமும் கதவடைப்பும்

எழுத வேட்கை உண்டு; ஆனால் வீடு விடுவதில்லை, அலுவல் விடுவதில்லை, கைப்பேசியும் விடுவதில்லை என்று நம்மிடம் வந்து குறைப்படும் இளைஞர் பெருகிவிட்டனர். அண்மையில் கோடம்பாக்கம் ரயில் நிலையத்தருகே தேநீர் அருந்துகையில் இதே பல்லவியை மறுபடியும் கேட்டோம். அன்பர் ஒரு நாவலை மனத்திலே முடித்து வைத்திருக்கிறாராம். மூன்று மாதத் தனிமையும் மலையடிவாரத்தில் ஓர் அறையும் வாய்த்தால் தாளில் இறக்கிவிடுவாராம். அவருடைய ஆர்வத்தை நாம் ஐயுறவில்லை. அவருடைய கொள்கையையே மறுக்கிறோம்.

மறுப்புக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. இன்றைய அண்ணா மேம்பாலத்தருகே அன்று இருந்த ஜெமினி ஸ்டூடியோவில், 1950களின் தொடக்கம் முதல் 1966 வரை அசோகமித்திரன் பணியாற்றினார். செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்புகளில் சேர்ப்பது அவருக்கு இட்ட வேலைகளுள் ஒன்று. பார்ப்பவர் கண்ணுக்கு, மனிதர் சும்மா காகிதம் கிழித்துக்கொண்டிருக்கிறார்! ஆகவே வந்தவர் போனவரெல்லாம் அவர் அறைக்குள் நுழைந்து பிரசங்கம் செய்தார்களாம். அவர்களுள் ஒப்பனைப் பிரிவைச் சேர்ந்த ஒருவர், பெயருக்கு ‘ஆபீஸ் பாய்’, வயதோ நாற்பதைத் தாண்டியது. தம்முடைய பெரிய இலக்கியத் திறமை இங்கே பாழாகிறதே என்று ஓயாமல் முறையிட்டவர் அவர். வேறு வழியின்றி அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அசோகமித்திரன். இருவருக்கும் ஒரே கூரை, ஒரே இரைச்சல். கேட்டவர் எழுதினார்.

எதை எழுதினார்? நம் அன்பர் இடையூறு என்று எதைச் சொல்கிறாரோ அதையே எழுதினார். ‘கரைந்த நிழல்கள்’ நாவலில் நட்சத்திரங்களின் பகட்டைத் தேடுவோர் ஏமாறுவர். படப்பிடிப்புக்கு ஆள் திரட்டி அலைகிற சிப்பந்திகளின் அன்றாடமே அதன் உயிர். மலையடிவார அறையில் இருந்து எழுதியிருந்தால் அவர்களை எங்கே கண்டிருப்பார்? வீட்டில் இடம் போதாதபோது தியாகராய நகர் நடேசன் பூங்காவில் அமர்ந்து எழுதியதாக அவரே கூறியிருக்கிறார்.

கவனம் என்பது செவியடைப்பு அன்று. தொழுகையில் ‘ஹுளூருல் கல்பு’, அதாவது நெஞ்சம் வந்து நிற்றல், வேண்டும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் விரித்துரைத்ததை மதரஸா மாணவரும் அறிவர். அதே தொழுகையை நீட்ட எண்ணி நின்ற பெருமானார் (ஸல்) அவர்கள், பின்வரிசையில் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டதும், தாயின் உள்ளம் வருந்துமே என்று சுருக்கிக்கொண்டார்கள். அந்த அழுகை அவர்களின் கவனத்தைக் கெடுத்தது என்று சொல்ல எவருக்கேனும் நா எழுமா?

வறுமையே எழுத்தின் தாய் என்று மேடையில் முழங்குவாரையும் நாம் ஏற்கவில்லை. எழுத்தாளன் பசித்திருப்பது கண்டு மகிழ்வது கொடுமை. நம் தோப்பில் முகம்மது மீரான் நெல்லையில் மிளகாய் வற்றல் வணிகம் செய்தபடியே ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ தந்தார். 1997-இல் சாகித்திய அகாதமி விருதும் பெற்றார். வணிகம் அவரை வாழ வைத்தது, எழுத்தைக் கெடுக்கவில்லை.

நிற்க. அறை கேட்கும் உரிமை எவருக்குமே இல்லையா என்று வினவுவீராயின், உண்டு என்போம். துவரங்குறிச்சியில், ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ எழுதிய சல்மா, அதற்கு முன்பே தம் கவிதைகளை வீட்டார் கண்ணுக்கு மறைத்து, இரவில் கழிவறையில் நின்று எழுதியவர். அவை வெளியுலகை எட்டத் தாயார் துணை நின்றார். புனைபெயருக்குள் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவருக்குக் கவனம் குறைவா? காலாற ஒரு பூங்காவுக்கு நடந்துபோய் அமர இயலவில்லை, அவ்வளவே. அதைத் தடுத்தது மார்க்கமன்று. கல்வி தேடுவதைக் கடமையாக்கிய மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு தடுத்தவர்கள் நம்மவர்களே. இதை எழுத நமக்கு நாணமாக இருக்கிறது; ஆயினும் எழுதாதிருக்க முடியவில்லை.

தேநீர்க்கடை அன்பர் பூங்காவுக்கும் போகலாம், கடற்கரைக்கும் போகலாம். நள்ளிரவில் வீடு திரும்பினாலும் சோறு மூடி வைத்திருப்பார்கள். மலையடிவாரத்தில் அறை தேடுமுன், அச்சோற்றை மூடி வைக்கும் கைகளுக்கு ஒரு மேசையும் தாழிடக்கூடிய ஒரு கதவும் தம் வீட்டில் உண்டா என்று பார்த்துவிட்டு வரட்டும். அவருடைய மூன்று மாதத்தைப் பற்றி அதன் பிறகு பேசுவோம்.