பழைய மண்டபத்தை இடிக்கலாமா? எம்பிரஸ் பிளேஸ் வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வாங்க

 

நம் கோவில் மண்டபம் பற்றி வாட்ஸ்அப் குழுக்களில் ஓடும் பேச்சை நாங்களும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். "பழசு, மழை வந்தா ஒழுகுது, இடிச்சுட்டு பெரிசா ஏர்கான் போட்டுக் கட்டுங்க" என்று ஒரு பக்கம். "தாத்தா காலத்து மண்டபம், ஒரு செங்கல்லைக்கூடத் தொடாதீங்க" என்று இன்னொரு பக்கம். முடிவு எடுக்க வேண்டியது நிர்வாகக் குழுவும் உறுப்பினர்களும்தான். ஆனால் அந்த மண்டபத்தைக் கூட்டிக் கழுவிப் பந்தி போடுவது தொண்டூழியர்களான நாங்கள். அதனால் எங்கள் மனதில் உள்ளதையும் இங்கே வைக்கிறோம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படிங்க.

நம் சிங்கப்பூரிலேயே இருக்கும் இன்னொரு பழைய மண்டபத்தின் கதையை முதலில் சொல்கிறோம்.

சௌத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவிலில் கும்பிட்டுவிட்டு ஆற்றுப் பக்கம் நடந்து, கேவனா பாலத்தைத் தாண்டினால் எம்பிரஸ் பிளேஸ். அங்கே மணிக்கூண்டோடு வெள்ளையாக நிற்கிறதே, விக்டோரியா அரங்கம், அதுதான். தமிழ் நாடகம் பார்க்க நம்மில் பலர் அங்கே போயிருப்போம். வெளியே நின்று பார்த்தால் இரண்டு கட்டடமும் நடுக் கோபுரமும் ஒரே நாளில் கட்டியது போலத் தெரியும். அது உண்மை இல்லை.

இடது பக்கக் கட்டடம்தான் மூத்தது. 1855இல் அடிக்கல் நாட்டி, 1862இல் டவுன் ஹால், அதாவது நகர மண்டபம் என்ற பெயரில் கட்டி முடித்தார்கள். வரைந்தவர் ஜான் பென்னெட் என்ற பொறியாளர். ஊர்க்கூட்டம், நாடகம், நூலகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். 1871இல் சயாம் மன்னர் சூலலங்கார்ன் சிங்கப்பூர் வந்துபோன நினைவாகக் கொடுத்த வெண்கல யானைகூட முதலில் இந்த மண்டபத்தின் முன்னால்தான் நின்றது.

1901இல் விக்டோரியா மகாராணி காலமானார். அவர் நினைவாகப் பக்கத்திலேயே இன்னொரு மண்டபம் எழுப்பி 1905இல் திறந்தார்கள். பழையதை இடித்துவிட்டுப் புதியதைக் கட்டவில்லை. பழைய டவுன் ஹாலைத் திருத்தி, முகப்பைப் புதியதற்கு ஜோடியாக மாற்றி, 1909இல் நாடக அரங்காகத் திறந்தார்கள். நடுவில் 54 மீட்டர் உயரத்தில் மணிக்கூண்டு. நம் பாஷையில் சொன்னால், இரண்டு சந்நிதி, ஒரே கோபுரம். 1919இல் ராஃபிள்ஸ் சிலை அந்த முன்வாசலுக்கு வந்தது, யானை பக்கத்திலிருந்த இன்னொரு கட்டடத்தின் முன் போய் நின்றது. இன்றும் ஆர்ட்ஸ் ஹவுஸ் வாசலில் அதைப் பார்க்கலாம்.

அப்புறம் அந்த மண்டபம் பார்க்காததா? 1942இல் குண்டு விழுந்தபோது காயம்பட்டவர்களைக் கொண்டுவந்து போட்ட மருத்துவமனை அது. ஜப்பானியர் காலத்தில் அதே மணிக்கூண்டு தோக்கியோ நேரம் காட்டியது. போர் முடிந்ததும் போர்க்குற்ற விசாரணைகள் அங்கே நடந்தன. 1954 நவம்பர் 21 அன்று மக்கள் செயல் கட்சியின் தொடக்கக் கூட்டமும் அங்கேதான். நாடக அரங்கைப் புதுப்பித்து 1958இல் மறுபடியும் திறந்தபோது, அதற்காகவே நகராட்சி மன்றம் ஜுபிர் சைட் அவர்களை ஒரு பாட்டு எழுதச் சொன்னது. அதுதான் 'மஜுலா சிங்கப்பூரா'. ஒரு மண்டபத் திருப்பணிக்குப் பிறந்த பாட்டுதான் அடுத்த வருடமே தேசிய கீதமானது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்க.

1992இல் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். அதோடு கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்களா? இல்லை. 2010இல் மூடி, உள்ளே பெரிய வேலை செய்து, 2014இல் திறந்தார்கள். எங்களை யோசிக்க வைத்தது இந்தத் திருப்பணிதான். நாடக அரங்கு, இசை அரங்கு இரண்டிலுமே முன்பு 800 பேருக்கு மேல் உட்காரலாம். இப்போது நாடக அரங்கில் 614 இருக்கை, இசை அரங்கில் 673. இவ்வளவு செலவு செய்து இடத்தைக் குறைத்திருக்கிறார்கள்! காரணம் எளிது. வருகிறவர்களுக்கு நன்றாகக் கேட்க வேண்டும், நன்றாகத் தெரிய வேண்டும். பழைய நாற்காலிகளின் இரும்பையும் மரத்தையும்கூட வீசாமல் அரங்கின் சுவர்களில் பொருத்தியிருக்கிறார்கள்.

இதிலிருந்து எங்களுக்குத் தோன்றுவதைச் சொல்கிறோம்.

கை வைக்கவே கூடாது என்பவர்களுக்கு: ஆகமப்படி நாமே பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துகிறோம். விமானத்துக்கு வர்ணம் பூசுகிறோம், விரிசலை அடைக்கிறோம், அதனால் கோவில் பழமை குறைந்தா போயிற்று? எம்பிரஸ் பிளேஸ் மண்டபமும் 1909, 1958, 2014 என்று திருப்பணி கண்டுதான் இன்றைக்கும் நிற்கிறது. ஒழுகும் கூரையை ஒழுகவிடுவது பக்தி ஆகாது.

இடித்துப் பெரிதாகக் கட்டலாம் என்பவர்களுக்கு: யார் கூடுவதற்காகப் பெரிது? இன்று நம் மண்டபத்தில் ஞாயிறு மதியம் அன்னதானப் பந்தியில் உட்காருகிறவர்களில் பாதிப் பேர் விடுதியிலிருந்து பஸ் பிடித்து வரும் ஊழியர்கள். சனிக்கிழமை தேவார வகுப்பு. வசதி குறைந்த குடும்பத்தின் வளைகாப்பு, காதுகுத்து. பல லட்சம் வெள்ளி போட்டுக் கட்டினால் அந்தக் கடனை அடைக்க வாடகையை ஏற்றித்தான் ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குத்தான் நல்ல வாடகை வரும். அப்போது அந்தப் பந்தி எங்கே போகும்? கார் நிறுத்துமிடத்துக்கா?

எங்கள் கோரிக்கை மூன்றுதான். ஒன்று, இடிக்கும் முடிவுக்கு முன் பழைய கட்டடங்களைப் பழுது பார்த்து அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரிடம் அறிக்கை வாங்குங்கள். இரண்டு, எந்தத் திட்டம் வந்தாலும் ஞாயிறு அன்னதானத்துக்கும் வகுப்புகளுக்கும் நாள், நேரம், இடம் எழுத்தில் இருக்கட்டும். மூன்று, எதைக் கழற்றினாலும் படம் எடுத்துக் கணக்கு வையுங்கள். உபயதாரர் பெயர் பொறித்த அந்தப் பழைய கல் பலகைகள் குப்பை லாரியில் போகக் கூடாது.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்க, ஆனால் மரியாதையோடு. எங்கள் கணக்கில், எத்தனை பேர் உட்காரலாம் என்பது இரண்டாவது கேள்வி. காசு இல்லாதவரும் கூச்சமில்லாமல் உள்ளே வந்து உட்கார முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. உறுப்பினர் கூட்டத்துக்கு வரும்போது அதற்கு ஒரு பதிலோடு வாங்க.

அம்மன் துணை.