குடியுள்ள பாலை

ஜோர்டான் தேசத்தின் தென்கோடியில், அக்காபா துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரப் பிரயாணத்தில் அடையக்கூடிய வாதி ரம் என்னும் பாலைநிலத்தைத் திரையில் பாராதவர் அரியர். 1962-இல் டேவிட் லீன் எடுத்த ‘லாரன்ஸ் ஆப் அரேபியா’ அதனை உலகறியச் செய்தது. 2015-இல் வந்த ‘தி மார்ஷியன்’ அதையே செவ்வாய்க் கிரகமாக்கியது. 2021-இல் ‘டியூன்’ அதற்கு வேறொரு கற்பனைக் கோளின் வேஷத்தைக் கட்டியது. இந்தக் கீர்த்தியின் பயனாக, செவ்வாயில் தங்கும் அனுபவம் என்று விளம்பரம் செய்து, குமிழி வடிவக் கூடாரங்களை வரிசையாக நிறுத்தி, இன்று அங்கே பிரயாணிகளை அழைக்கிறார்கள். அதனால் பெதுயின் என்னும் அப்பாலைநிலக் குடிகளின் குடும்பங்கள் பலவற்றுக்கு ஜீவனம் நடக்கிறதாகையால், இந்த வியாபாரத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மனித வாசனையே படாத நிலம் என்ற பாவனையோடு உள்ளே நுழைகிறவர், அங்கே மனிதர் எழுதிவைத்ததைக் கண்ணெடுத்தும் பாராமல் திரும்பிவிடுகிறாரே என்பதுதான் என் விசாரம்.

அந்த மலைகளின் ரூபம் யாரையும் மயக்கக்கூடியதுதான். ஆதி கருங்கல் அடித்தளத்தின்மேல், ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த மணல் இறுகிக் கல்லாகி, பூமியின் அசைவால் பிளவுண்டு, காற்றாலும் உப்பாலும் எப்போதோ பெய்யும் மழையாலும் அரிக்கப்பட்டு, வழிந்து உறைந்த மெழுகைப்போல் செங்குத்தாக எழுந்து நிற்கிறது.

ஆயினும், அங்குள்ள கஸலி மலையின் குறுகிய பிளவுக்குள் ஒருவர் பின் ஒருவராகப் பாறை விளிம்பில் கால்வைத்து நுழைந்து, வெயிலின் கூச்சம் கண்ணைவிட்டு நீங்கும்வரை சற்றே பொறுத்திருந்தால், முதலில் வெறும் கீறல்களாகத் தோன்றியவை மெல்ல மெல்ல உருப்பெறுகின்றன: வளைந்த கொம்புடைய காட்டாடுகள், மனித உருவங்கள், பக்கம் பக்கமாகச் செதுக்கிய இரண்டு பாதங்கள். பாறையின் கருத்த மேற்தோலைக் கொத்தி நீக்கி, அடியிலிருந்த வெளிர்நிறத்தைக் கொண்டே இவற்றை வரைந்திருக்கிறார்கள். அந்தப் பாதங்களுக்கு முன்னால் நின்றவன் அதை வேற்றுக் கிரகம் என்று சொல்லத் துணியமாட்டான்.

2011-இல் யுனெஸ்கோ இப்பிரதேசத்தில் 74,000 ஹெக்டேர் பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, இயற்கை, பண்பாடு என்னும் இரு சிறப்புகளுக்காகவும் சேர்த்தது. 25,000 செதுக்கோவியங்களும் 20,000 கல்வெட்டுகளும் அங்கே உள்ளன. அவற்றின்வழி தெரியவரும் மனித சரித்திரம் 12,000 ஆண்டு நீளமுடையது. தமூதிக், நபத்தேயம் என்னும் பழைய எழுத்துகளிலும் அரபியிலும் ஆடு மேய்த்தவரும் ஒட்டகத்தோடு கடந்தவரும் ‘இன்னான் மகன் இன்னான்’ என்று தம் பெயரைப் பொறித்துச் சென்றிருக்கிறார்கள். நம் சங்கப் புலவர்கள் பாலையைப் பாடியபோதும், அதைக் கடந்துசெல்பவனையும் அவனுக்காகக் காத்திருப்பவளையும்தானே பாடினார்கள்?

இன்னொரு விஷயம், படக்கருவிக்கு அகப்படாதது. அந்த மணற்பாறையின் அடியில், மழை மிகுந்திருந்த ஒரு புராதன யுகத்தில் ஊறிய, டீசி என்று பெயர்பெற்ற நிலத்தடி நீர் இருக்கிறது. 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் குழாய் வழியாக, 2013 முதல் அது தலைநகரமாகிய அம்மானுக்குப் போகிறது. எடுக்க எடுக்க ஊறும் கிணறல்ல அது. இறைத்தால் குறையும் சேமிப்பு. ஒரு தலைநகரத்தின் தாகத்தைத் தீர்த்துவரும் பூமியை உயிரற்ற கோளுக்கு உவமை சொல்வது எவ்வளவு பொருந்தாப் பேச்சு!

சினிமாக்காரர்கள் வரட்டும், அவர்களுக்கு வேண்டியது காட்சி. பிரயாணியின் கடமை வேறு. மணலில் கண்ட இடமெல்லாம் ஜீப்பை ஓட்டச் சொல்லி, அரிதாக முளைத்த செடிகளை நசுக்காமல், நடந்தோ ஒட்டகத்திலேறியோ செல்லலாம். குமிழிக் கூடாரத்துக்குப் பதிலாக, ஆட்டுமயிரால் நெய்த கறுப்புக் கூடாரத்தில் தங்கி, மணலுக்கடியில் புதைத்துச் சமைத்த இறைச்சியை பெதுயின் மக்களோடு உட்கார்ந்து உண்ணலாம். அஸ்தமனத்தைப் படமெடுக்கும் மேட்டில் நிற்கிற நேரத்தில் பாதியையாவது கல்வெட்டுப் பாறைக்கு முன் செலவிட வேண்டும் என்று போகிறவர்கள் கேட்கத் தொடங்கினால், அந்த எழுத்தை வாசித்துச் சொல்லக் கற்கும் அவ்வூர் இளைஞர்களுக்கும் அதிலே வேலை கிடைக்கும்.