உப்பை அறிந்தவர்கள் பேச வேண்டிய இடம்

மூலக்கூறு நீரில் கரைய மறுக்கிறது, என்ன செய்யலாம்? பி.பார்ம். வகுப்பில் கேட்டால் கடைசி பெஞ்சிலிருந்தும் பதில் வரும்: உப்பாக்கிப் பார்க்கலாம். ஹைட்ரோகுளோரைடு, சல்ஃபேட், மெசிலேட், ஃபியூமரேட் என்று பட்டியலும் கூடவே வரும். கர்ப்பிணிகளுக்கு எடுத்துக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைகள் பலவற்றின் அட்டையைத் திருப்பினால் ஃபெரஸ் ஃபியூமரேட் என்றிருக்கும். இதய நோயாளியின் சீட்டில் பிசோப்ரோலால் ஃபியூமரேட். ஆஸ்துமாக்காரரின் இன்ஹேலரில் ஃபார்மோடெரால் ஃபியூமரேட். நம் கைக்குப் பழகிய உப்புதான் அது.

அந்த உப்பின் பேரில்தான் பெடாக்குயிலினுக்கு இந்தியாவில் இன்னும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியுரிமை கேட்டது ஜான்சன் அண்ட் ஜான்சன். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு இன்று முதுகெலும்பாக இருக்கும் மருந்து இது. மூலக்கூறின் காப்புரிமை 2023 ஜூலையில் முடிவதாக இருந்தது. ஃபியூமரேட் உப்புக்கான விண்ணப்பம் ஏற்கப்பட்டிருந்தால் 2027 டிசம்பர் வரை வேறு யாரும் அந்த மாத்திரையைச் செய்திருக்க முடியாது.

அதை எதிர்த்து 2019-ல் மனு கொடுத்தவர்களில் இருவர் காசநோயிலிருந்து மீண்ட பெண்கள்: மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே. சிகிச்சையின் நச்சு விளைவால் இருவருமே செவித்திறனை இழந்தவர்கள். இன்னொரு நாட்டு நோயாளி நம் காப்புரிமை அலுவலகத்தின் கதவைத் தட்டியதற்குக் காரணம் உண்டு. அவருடைய நாட்டில் விண்ணப்பத்தின் சாரத்தை ஆராயாமலே காப்புரிமையைப் பதிவு செய்துவந்தார்கள். மலிவு மாத்திரை வர வேண்டிய இடமோ இந்தியா. 2023 மார்ச் 23 அன்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஆறு மாதச் சிகிச்சைக்கு 188 மாத்திரைகள். காசநோய் மருந்துகளை நாடுகளுக்கு வாங்கித் தரும் குளோபல் டிரக் ஃபெசிலிட்டி வழியாக 289 டாலராக இருந்த அதன் விலை, போட்டி வந்ததும் அந்த ஆகஸ்டிலேயே 130 டாலருக்கு இறங்கியது.

உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும்போது நாம், காப்புரிமையாளரின் சம்மதமின்றி அரசு பிறருக்குத் தரும் கட்டாய உரிமத்தையும் 2001-ன் தோஹா பிரகடனத்தையுமே சொல்லிப் பழகிவிட்டோம். அவற்றின் மதிப்பை நான் குறைக்கவில்லை. 2012-ல் நாட்கோ நிறுவனம் பெற்ற கட்டாய உரிமத்தால் சொராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்தின் மாதச் செலவு சுமார் 2,80,000 ரூபாயிலிருந்து 8,800 ரூபாய்க்கு வந்தது. ஆனால் அது நம் நாட்டில் வழங்கப்பட்ட ஒரே கட்டாய உரிமம். தோஹாவுக்குப் பின் வகுத்த ஏற்றுமதி வழிமுறை, கனடாவிலிருந்து ருவாண்டாவுக்கு மருந்து அனுப்ப ஒரே ஒரு முறைதான் பயன்பட்டது. நாள்தோறும் வேலை செய்யும் கருவி வேறு. எது கண்டுபிடிப்பு என்பதை ட்ரிப்ஸ் வரையறுக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் நம் சட்டத்தின் 3(டி) பிரிவு நிற்கிறது: தெரிந்த ஒரு பொருளின் உப்போ படிகமோ நோயைக் குணப்படுத்தும் திறனில் கணிசமாக மேம்பட்டிருந்தாலொழியப் புதிதாகாது. இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிகம் 2013-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றதும் இதில்தான். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்கார் 1959-ல் அளித்த அறிக்கையிலிருந்து தொடங்கிய மரபு இது.

பிரிவு ஏட்டில் இருந்தால் போதாது, யாராவது எதிர்க்க வேண்டும். காப்புரிமை வழங்கும் முன் எவரும் எதிர்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட விதிகள் அந்த வாசலைக் குறுக்கிவிட்டன. முன்பு இல்லாத கட்டணம் வந்துவிட்டது. மனு விசாரணைக்கு ஏற்றதுதானா என்பதை அதிகாரி முதலில் முடிவு செய்ய வேண்டும். காப்புரிமை பெற்ற மருந்து நாட்டில் எவ்வளவு விற்றது என்று கம்பெனிகள் ஆண்டுதோறும் தர வேண்டிய கணக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை என்றாகிவிட்டது. நாட்கோ வழக்கில் பேசியதே அந்தக் கணக்குதான். நோயாளிக் குழுக்களின் கையைக் கட்டும் இந்த மாற்றங்களை அரசு திரும்பப் பெற வேண்டும். 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டனுடனான வர்த்தக ஒப்பந்தமும் கம்பெனிகள் தாமாகத் தரும் உரிமமே சிறந்த வழி என்று எழுதி வைத்திருக்கிறது. இதையும் நாம் கவனிக்காமல் விடக்கூடாது.

என் ஆதங்கம் நம் துறையின் மீதும்தான். மேம்பட்ட திறன் என்று விண்ணப்பத்தில் நீட்டப்படும் கரைதிறன் அட்டவணையைப் படித்து, இது எந்த ஃபார்முலேஷன் ஆய்வகத்திலும் வழக்கமாகச் செய்வதுதானே என்று சொல்லக்கூடியவர்கள் நாம். எதிர்ப்பு மனுவுக்கு வேண்டியது அப்படியொரு நிபுணரின் பிரமாண வாக்குமூலம். அதற்காக வழக்கறிஞர்கள் கல்லூரி கல்லூரியாக ஆள் தேடுகிறார்கள். கம்பெனி ஆராய்ச்சி நிதி கைநழுவிவிடுமோ என்று தயங்குகிற பேராசிரியர்களை எனக்குத் தெரியும். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஓய்வு பெற்றவர்களுக்கு அதுவும் இல்லையே.

காப்புரிமை அலுவலகத்தின் இதழ் வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் வெளியாகிறது, யாரும் பார்க்கலாம். அதில் உப்பு, படிகம், கூட்டு மருந்து தொடர்பான விண்ணப்பங்களைத் தேர்ந்து நம் அடுத்த இதழ் முதல் இங்கே வெளியிடுவோம். உங்கள் பாடப்பகுதிக்குள் வரும் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் ஏற்கெனவே தெரிந்தது எது, எந்த ஆண்டிலிருந்து தெரியும் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள்.