தினம் ஓடும் வண்டிக்கு எந்த டார்க் கன்வெர்ட்டர்?

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு வேகமான வண்டியாக இருந்தாலும் சரி, தினமும் வேலைக்குப் போய் வருகிற வண்டி என்றால், திங்கட்கிழமை காலை நெரிசலை மனதில் வைத்துத்தான் அதற்கு டார்க் கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை நினைத்து வாங்கினால், வாரத்தின் மற்ற ஆறு நாளும் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயம்தான். காரின் பானட்டைத் திறந்ததை விடக் கார்களின் கோப்பைத் திறந்ததுதான் நான் அதிகம். வாகனப் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்து, உதிரி பாகம் வாங்கும் கோப்புகளில் நோட் எழுதியவன். 'எதற்காக வாங்குகிறோம்' என்ற முதல் வரி இல்லாமல் எந்தக் கோப்பும் மேலே போகாது. அந்தப் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை.

என் தங்கை மகன் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் இருக்கிறான். அவனிடம் 2002ஆம் வருஷத்து ஷெவ்ரொலே கமாரோ இருக்கிறது. பெயர் பிரெஞ்சு, வண்டி அமெரிக்கா. 5.7 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சின், நான்கு கியர் ஆட்டோமேட்டிக். போன மாதம் போனில், "மாமா, 3,600 ஸ்டால் கன்வெர்ட்டர் போடப் போறேன். கிளம்புறப்போ அம்பு மாதிரி பாயும்" என்றான். "ஏம்ப்பா, உன் வீட்டுக்காரி அதில்தானே ராத்திரி டியூட்டிக்குப் போகுது?" என்று கேட்டேன். "ஆமா மாமா, இப்ப வீட்டுல ஒரே வண்டிதான்" என்றான். இந்தப் பேச்சில் நான் முக்கியமாக எடுத்துக்கொண்டது அந்தக் கடைசி வார்த்தையைத்தான்.

டார்க் கன்வெர்ட்டர் என்பது எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் எண்ணெய்ச் சட்டி. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட விட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? அதே வேலையை இங்கே எண்ணெய் செய்கிறது. எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவது பம்ப், கியர் பெட்டியோடு சேர்ந்தது டர்பைன். இரண்டுக்கும் நடுவில் ஸ்டேட்டர் என்று ஒரு சின்னச் சக்கரம் உண்டு. திரும்பி வரும் எண்ணெயை அது சரியான திசையில் திருப்பி விடுவதால், கிளம்பும் நேரத்தில் முறுக்கு விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. கப்பல்களுக்காக இதைக் கண்டுபிடித்து 1905இல் காப்புரிமை பெற்றவர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மானியர். கார்களில் 1948 வாக்கில் ப்யூக் டைனாஃப்ளோ மூலம் பிரபலமானது.

ஸ்டால் என்பது என்ன? பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால், வண்டி நகராத நிலையில் எஞ்சின் எத்தனை சுற்று வரை ஏறுமோ, அந்த எண். (வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம், எண்ணெய் சில நொடிகளில் கொதித்துவிடும்.) அந்தக் கமாரோவில் கம்பெனி வைத்தது சுமார் 1,800. எஞ்சினின் முறுக்கு விசை உச்சத்துக்கு வருவதோ 4,000 சுற்றில். ஸ்டால் எண் கூடினால், கிளம்பும்போதே எஞ்சின் தன் பலமான இடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். பையனின் ஆசையில் தர்க்கம் இல்லாமல் இல்லை.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். கன்வெர்ட்டர் தளர்வாக இருந்தால் நழுவும். நழுவினால் சூடாகும், பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். எண்ணெய் 80, 90 டிகிரியில் இருந்தால் கியர் பெட்டிக்கு நிம்மதி. 120ஐத் தாண்டினால் எண்ணெய் வேகமாகக் கெடும், அதைத் தொடர்ந்து உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளும் போகும். ஹூஸ்டன் கோடை நம்மூர் அக்னி நட்சத்திரத்துக்குக் குறைந்ததல்ல. அங்கே நெரிசலில் நின்று நின்று போகும்போது ஒவ்வொரு கிளம்பலும் எண்ணெயைக் காய்ச்சும். நெடுஞ்சாலையில் லாக்கப் கிளட்ச் பிடித்துக்கொண்டால் நழுவல் நின்றுவிடும். ஊருக்குள் மெதுவாகப் போகையில் அது பிடிக்காது.

பின் அச்சின் விகிதமும் இருக்கிறது. அந்த ஆட்டோமேட்டிக் கமாரோவில் சாதாரணமாக வந்தது 2.73. நீண்ட தூரம் சுகமாக ஓடுவதற்கான விகிதம் அது. அதோடு 3,600 ஸ்டாலைச் சேர்த்தால், கல்யாண மண்டபத்தில் மேளம் ஒரு தாளமும் நாதஸ்வரம் வேறொரு தாளமும் வாசிப்பது போல இருக்கும்.

எதிர்த் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகச் செய்த கன்வெர்ட்டர், எண் பெரிதாக இருந்தாலும் மிதமாக மிதித்தால் மிதமாகவே போகும் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஒரே எண் போட்ட இரண்டு கன்வெர்ட்டர் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஒரே கன்வெர்ட்டரே பலம் குறைந்த எஞ்சினில் ஒரு ஸ்டாலும், பலம் கூடிய எஞ்சினில் வேறொரு ஸ்டாலும் காட்டும். அதனால்தான் ஒழுங்கான தயாரிப்பாளர்கள் வண்டியின் எடை, கேம்ஷாஃப்ட், அச்சு விகிதம், டயர் உயரம், அன்றாட உபயோகம் எல்லாவற்றையும் கேட்ட பிறகே பொருள் தருகிறார்கள். என் வாதத்துக்கு இது பலம்தான் சேர்க்கிறது. எண்ணைப் பார்த்து வாங்காதே, உன் விவரத்தைக் கொடுத்து வாங்கு என்பதுதானே அதன் அர்த்தம்?

அவனுக்கு நான் எழுதி அனுப்பிய நோட் இதுதான். எஞ்சினின் கேம்ஷாஃப்டை மாற்றாத வரையில் 2,400 முதல் 2,800க்குள் பார். லாக்கப் இல்லாததைத் தொடாதே. எது போட்டாலும் கியர் எண்ணெய்க்குத் தனிக் கூலர் வை, சூடு காட்டும் மீட்டரும் வை. கன்வெர்ட்டரை மாற்ற கியர் பெட்டியையே இறக்க வேண்டும், பிடிக்கவில்லை என்றால் இன்னொரு தரம் அதே கூலி. கடைசியாக, பணம் கட்டுவதற்கு முன் அதே மாதிரி கன்வெர்ட்டர் போட்ட ஒரு வண்டியை உன் மனைவி ஓட்டிப் பார்க்கட்டும்.

கடைசி வரியைப் படித்துவிட்டுச் சிரித்தானாம். எனக்கு அது சிரிப்பு விஷயமில்லை. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு டார்க் என்பது 'கூப்ல்'. கணவன் மனைவி ஜோடிக்கும் அதே சொல்தான். எங்கள் முசியே இயற்பியல் வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னதும் பின் பெஞ்சு சிரிக்கும். இரண்டு பேர் ஓட்டும் வண்டிக்கு ஒருவர் ஆசையை மட்டும் வைத்துச் சாமான் வாங்கினால், ராத்திரி இரண்டு மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கப்போவது மற்றவர்தான்.

நம்மூர்க்காரர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மூட்டு வலி வந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் ஆட்டோமேட்டிக் தேடும் என் வயதுக்காரர்கள் இப்போது நிறைய. 2014இல் மாருதி செலேரியோ மூலம் இங்கே வந்த ஏஎம்டி விலை குறைவு, மைலேஜும் நல்லது. ஆனால் அது சாதாரண கியர் பெட்டிதான், கிளட்ச்சை ஒரு இயந்திரக் கை மிதிக்கிறது, அவ்வளவே. கியர் மாறும்போது ஒரு தலையாட்டல் இருக்கும். அரும்பார்த்தபுரம் மேம்பால ஏற்றத்தில் நின்று கிளம்பினால் சில வண்டிகள் கொஞ்சம் பின்னால் சரியவும் சரியும். டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் பிரேக்கை விட்டதும் எண்ணெயே மெல்ல முன்னால் தள்ளும். இந்திரா காந்தி சிலை சிக்னலில் தினமும் நிற்பவருக்கு அந்தச் சுகம் புரியும். கூடுதலாகக் கேட்கும் பணம் அதற்குத் தகும் என்பது என் கட்சி.

ஷோரூமில் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தால், காலியான கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு, வீட்டு அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நெல்லித்தோப்பு வழியாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.