கோட்டைக் கணக்கு

கொங்கு மண்டலம் அதிமுகவின் கோட்டை, 2021இல் கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளும் அதன் கூட்டணிக்கே கிடைத்தன, ஆகவே வெள்ளகோவில் பக்கமும் முடிவு தெரிந்ததுதான் என்கிறார்கள்.

ஒன்று: கோவை மட்டும்தான் கொங்கா? வெள்ளகோவில் திருப்பூர் மாவட்டம். 2008 மறுவரையறைக்குப் பின் காங்கேயம் தொகுதிக்குள் இருக்கிறது.

இரண்டு: அதே 2021இல் காங்கேயத்தில் வென்றவர் திமுகவின் மு.பெ. சாமிநாதன். 2001இல் ஜெயலலிதா ஆட்சியைப் பிடித்தபோதும் பழைய வெள்ளகோவில் தொகுதி சாமிநாதன் பக்கமே நின்றது. கோட்டைச் சுவரில் இத்தனை பெரிய ஓட்டையா?

மூன்று: அப்படியானால் இது திமுக கோட்டையா? அதுவும் இல்லை. 2011, 2016இல் காங்கேயத்தில் வென்றது அதிமுகவின் இரட்டை இலை.

பக்கத்துத் தாராபுரத்தில் 2021இல் அதிமுக கூட்டணியின் பாஜக வேட்பாளர் எல்.முருகன் தோற்றது வெறும் 1,393 வாக்கில். இங்கே முடிவு தொகுதிக்குத் தொகுதி மாறும். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டத்தின் (பிஏபி) கிளை வாய்க்காலின் கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்று கேட்கிற விவசாயியிடம் மண்டலக் கணக்கைச் சொல்லிப் பார்க்கட்டும்.